ஒன்றரைக் கிலோ கூடுதல்

நேற்றுச் சாயங்காலம் பூட்டும்போது இருபத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். இன்று காலை இருபத்துநான்கு கிலோ நூறு. பூட்டி வைத்த பெட்டி தானாக எழுந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்குமா என்ன?

டேப்பு முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டான். கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு அது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை அதில் தொங்கவிட்டான். ஐந்து கிலோ இருநூறு காட்டியது. கேனின் கனத்தையும் சேர்த்தால் சரிதான். பெட்டியை மறுபடி மாட்டித் தூக்கினான். இருபத்துநான்கு நூறு. விமானக் கம்பெனி விடுவது இருபத்துமூன்று. அதற்கு மேல் ஒரு கைக்குட்டை வைத்தாலும் கவுன்ட்டரில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து கடை பரப்ப வேண்டியதுதான்.

“டேய், இது எத்தனாவது தடவை? பெட்டியைத் தூக்கறியா, உடற்பயிற்சி பண்றியா?” என்று கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. முகம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தது. அக்காவுக்குக் காதே கண்.

டேப்பு என்பது அவன் பெயரில்லை. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகச் சாமான் கட்டுகிறவன். பழுப்பு நிற ஒட்டு டேப் சுருள் ஒன்று எப்போதும் மணிக்கட்டில் வளையல் மாதிரி தொங்கும். அதைப் பார்த்து எவனோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்ப்பான். கண்ணாடி அலமாரியோ, எட்டுப் பேர் சாப்பிடும் மேஜையோ, எதைக் கொடுத்தாலும் கீறல் விழாமல் கட்டி லாரியில் ஏற்றிவிடுவான். அவன் கட்டிய சாமான் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அவன் மட்டும் லாரியின் பின்கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவன் மனைவியை ஊரே டீச்சர் என்கிறது. அவள் பாடம் எடுப்பது பள்ளிக்கூடத்தில் இல்லை. தையல் மெஷின் விற்கும் கம்பெனியில் பயிற்சி கொடுப்பவள். புது மெஷின் வாங்கிய தொழிற்சாலைக்குப் போய், நூல் கோப்பதிலிருந்து பழுது பார்ப்பதுவரை அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதுவரை பக்கத்து ஊர்களுக்குத்தான் போய் வந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை பதினோரு வாரம், நான்கு நாடு. கம்பெனி தடாலடியாக நீட்டிய பட்டியல்.

அந்த நாடுகளின் பெயர்கள் அக்காவின் வாயில் நுழையவில்லை. அதனால் வீட்டுக்குள் அவற்றுக்கு வேறு பெயர் வைத்தாகிவிட்டது. முதலாவது வெயில். செருப்பில்லாமல் கால் வைத்தால் தோல் உரிந்துவிடுமாம். இரண்டாவது மழை. மூன்றாவது பனி. இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் வேர்த்துக் கொட்டுகிற இதே மாதங்களில் அங்கே தண்ணீர்க் குழாய் உறைந்து போகுமாம். நான்காவதற்கு மட்டும் பெயரே வைக்கவில்லை. டீச்சர் அங்கே போய்ச் சேரும்போது வெயிலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இதமாக இருக்கும். குளிர்காலம் வர இன்னும் ஐந்து மாதம் ஆகும். அதனால் அது வெறும் நாலாவது.

தொல்லையெல்லாம் அந்த நாலாவதில்தான். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் சாப்பிடும்போது டீச்சர் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “நாலாவதுல புதுசா ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கறாங்களாம். மத்த வேலையெல்லாம் முடிச்சுட்டு அங்கேயே ரெண்டு வருஷம் பொறுப்பா இருக்க முடியுமான்னு கேக்கறாங்க.”  டேப்பு தண்ணீர் குடித்துவிட்டு, “உன் இஷ்டம்” என்றான். மறுநாள் அவளே, “வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றாள். “சரி” என்று சொல்லிவிட்டு, பெட்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறதென்று எண்ணெய் போடப் போய்விட்டான்.

வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை விட்டு வந்ததும் குட்டி போட்ட பூனை மாதிரி அந்தப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தான். அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். ஒன்பது தடவை எடை பார்த்தான். பதினோரு வாரத்தில் அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பதுதான் அவன் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி. அதைக் கேட்க வாய் வரவில்லை. கைதான் ஓடியது.

அவன் தொழிலில் முதல் பாடமே கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான். வீட்டுக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கு, சுற்று, ஒட்டு, பெட்டிமேல் எழுது. ஏன், எதற்கு என்று வாயைத் திறக்காதே. வாயைத் திறக்காவிட்டாலும் கண் திறந்துதானே இருக்கிறது? எந்தக் குடும்பம் இரண்டு வருஷத்தில் திரும்பும், எது திரும்பவே திரும்பாது என்று அவனால் மதியத்துக்குள் சொல்லிவிட முடியும். திரும்பி வருகிறவர்கள் மிக்சியைத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பாதவர்கள் ஓடாத கடிகாரத்தைக்கூடத் துணி சுற்றி எடுத்துப் போவார்கள். ஒரு தடவை ஒரு வீட்டில் அந்த அம்மாள் ஆறு கரண்டியை மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். லாரி கிளம்பும்போதுதான் வாசலில் வைத்துப் புருஷனிடம் சொன்னாள், பாதிப் பெட்டி வேறு விலாசத்துக்குப் போகிறதென்று. அந்த மனிதர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேப்புவுக்கு அது காலை பத்து மணிக்கே தெரியும். சொல்லவில்லை, டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது மணி பத்தரை. டீச்சர் கடைசிக் கையெழுத்துப் போட ஆபீஸுக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்கு வந்துவிடுவாள். நாலு மணிக்கு டாக்சி.

பூட்டின் எண்ணை இரண்டு பேரும் சேர்ந்துதான் வைத்தார்கள், கல்யாணமாகிப் போன ஒரே மகளின் பிறந்த தேதி. எண்ணைத் திருப்பும்போது விரல் வழுக்கியது. தன் பெண்டாட்டியின் பெட்டியைத் திறக்கக் கள்ளச்சாவி போடுகிறவன் மாதிரி எதற்குத் தடுமாற வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மூடியின் உட்புறத்தில் அவன் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இருந்தது. கடைசியில் வேண்டிய துணி அடியில், முதலில் வேண்டியது மேலே. வெயிலுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை ஐந்து. மழைக்குச் சீக்கிரம் காய்கிற துணியும் ரப்பர் செருப்பும். நாலாவதுக்குத் தனித் துணி இல்லை, இவையே போதும். பனிச் சாமான் மட்டும் உருட்டினால் காற்றெல்லாம் வெளியேறித் தட்டையாகிவிடும் பிளாஸ்டிக் பைகளில் இருந்தது. முதல் பையில் கோட்டு, இரண்டாவதில் ஸ்வெட்டர்கள், மூன்றாவதில் காலுறையும் தொப்பியும். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் எண் போட்டிருந்தான்.

அந்தக் கோட்டு டீச்சரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் சும்மா கொடுத்தது. அந்த அம்மாளுக்கு நல்ல ஆகிருதி. டீச்சர் அதைப் போட்டுக்கொண்டால் கோட்டுக்குள் இன்னொருத்தி ஒளிந்துகொள்ளலாம். பனி முடிந்ததும் அது வெறும் சுமைதானே? அதற்கும் அவனிடம் யோசனை இருந்தது. பழைய திரைச்சீலையைக் கிழித்து, கோணி ஊசியால் தானே ஒரு பை தைத்து, அதன்மேல் வீட்டு விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். மூன்றாவது நாட்டில் வேலை முடிந்ததும் கோட்டையும் பூட்ஸையும் அந்தப் பைக்குள் போட்டு, வாயைத் தைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது. நாலாவதுக்குக் கைவீசிக்கொண்டு போகலாம்.

அந்தப் பையைக் காணோம்.

மழைத் துணியைத் தூக்கிப் பார்த்தான். பூட்ஸுக்குள் கைவிட்டுத் துழாவினான். இல்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான். படுக்கை விரிப்புகளுக்கு அடியில், இஸ்திரி போட்ட மாதிரி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது பை. மறந்து விட்டுப்போனது இல்லை, எடுத்து வைத்தது.  கோட்டு திரும்பி வரப் போவதில்லை என்றால் அது நாலாவதுக்குப் போகிறது. நாலாவதில் கோட்டுப் போட வேண்டுமென்றால் இன்னும் ஐந்து மாதம் ஆக வேண்டும். இது புரிய இருபத்தாறு வருஷ அனுபவம் எதற்கு?

“என்னடா சத்தத்தையே காணோம்?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது?”

அவன் பெட்டிக்கே திரும்பினான். ஆனால் ஒரு பையை எடுத்துவிட்டால் எடை குறையத்தானே வேண்டும்? ஒன்றரைக் கிலோ எங்கிருந்து ஏறியது? பெட்டியின் அடிவரை கைவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்குக் கீழே விரலில் இன்னொரு பிளாஸ்டிக் தட்டியது. நாலாவது பை. அதில் எண் இல்லை. உருட்டிய விதமும் அவனுடையதில்லை. ஓரத்தில் காற்று நின்றிருந்தது.

வாயைத் திறந்ததும் அது புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு பெரிதானது. கறுப்புக் கோட்டு. புத்தம் புதியது. கனமான உள்துணி. பொத்தான்கள் வலப்பக்கம். ஆம்பிளைக் கோட்டு.

 டேப்பு கோட்டைத் தன் மார்பின்மேல் வைத்து அளந்து பார்த்தான். கயிறு வைக்காமலே அலமாரியை அளக்கிற கண் அவனுக்கு. தோளுக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. கை நீளம் விரல் நுனியைத் தாண்டியது. கழுத்துப் பட்டியில் எக்ஸெல் என்று போட்டிருந்தது. அவன் எப்போதும் எம். பல வருஷமாக அவனுக்குச் சட்டை எடுப்பது டீச்சர்தான். எம் என்று கடைக்காரனிடம் சொல்வதும் அவள்தான். அவன் அளவு அவளுக்குத் தெரியாதா?

அப்படியானால் இது வேறு யாருக்கோ. மனசு சும்மா இருக்குமா? உடனே ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. நாலாவது நாட்டுக் கிளையின் மானேஜர். வீடியோ அழைப்பில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். ஆறடிக்கு மேல் இருப்பார். தலை திரைக்குள் அடங்காது, எப்போதும் தாடையிலிருந்துதான் தெரியும். டீச்சர் அவரைப் பற்றி, “ரொம்பப் பொறுமையான மனுஷர்” என்று ஒரு நாள் சொன்னது, சொன்ன அன்றைக்குக் காற்றோடு போய்விட்டது. இன்றைக்குத் திரும்பி வந்து காதில் உட்கார்ந்துகொண்டது.

சீ, என்ன புத்தி இது என்று நினைத்தான். அடுத்த நிமிஷம் அந்தத் தாடையை நினைத்தான். கோட்டை உருட்டினான். பாதி உருட்டியதும் பிரித்தான். எதையும் பார்க்காத மாதிரி பழையபடி வைத்துவிடலாமா, அல்லது கூடத்து நடுவில் நாற்காலியில் மாட்டி வைத்துவிடலாமா? கடைசியில் பழையபடியே வைத்தான். ஓரத்தில் காற்று நிற்கிற மாதிரி உருட்டுவதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. கை அதற்குப் பழகவில்லை.

டீச்சர் ஒன்றேகாலுக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குமுன், “எடை சரியா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருபத்துநாலு நூறு.”

அவள் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். “ஓ. அப்ப எதையாவது எடுத்துடுங்க.”

“எதை எடுக்கட்டும்?”

“வெயில் சட்டை ரெண்டு போதும். துவைச்சுக்கலாம்.”

“மூணை எடுத்தாலும் அறுநூறு கிராம்தான். ஒண்ணரைக் கிலோ கூடியிருக்கு.”

“அப்ப பூட்ஸ்.”

“பனியில வெறுங்காலோட நடப்பியா?”

“அய்யோ, நீங்களே பாத்துப் பண்ணுங்க. அடியில இருக்கறதை மட்டும் தொடாதீங்க,” என்றாள் டீச்சர். சொன்னவுடன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா தட்டு வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் சாப்பிட்டாள். டேப்பு சோற்றைக் கோடு கோடாகப் பிரித்துக்கொண்டிருந்தான். டீச்சர் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ எழுதுவாள், அழிப்பாள், கவிழ்த்து வைப்பாள். மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டது. மணி இரண்டாயிற்று, இரண்டரையாயிற்று.

“ரெண்டு பேரும் வாயில டேப் ஒட்டிக்கிட்டீங்களா?” என்றாள் அக்கா. “பதினோரு வாரம் பாக்கப் போறதில்லை. இப்பவாவது ஏதாவது பேசுங்களேன்.”

அவ்வளவுதான். அவனுக்குள் எங்கோ ஒட்டியிருந்தது சர்ரென்று கிழிந்தது.

“அந்தக் கோட்டு யாருக்கு?” என்று கேட்டான்.

டீச்சரின் கை நின்றுவிட்டது.

“எந்தக் கோட்டு?” என்றாள் அக்கா.

“பெட்டிக்கு அடியில ஒரு ஆம்பிளைக் கோட்டு இருக்கு. எக்ஸெல். எனக்கு எக்ஸெல்லா? என் தோளைப் பாரு. நான் தெச்ச பையை எடுத்து அலமாரியில ஒளிச்சு வெச்சிருக்கே. கோட்டு திரும்பி வராது. நீயும் வர மாட்டே. அது எனக்குத் தெரியாதா? எத்தனை வீடு பாத்திருக்கேன்! போறதுன்னா சொல்லிட்டுப் போ. அந்த உயரமான மனுஷனுக்குக் கோட்டு வாங்கிட்டுப் போறதுன்னா அதையும் சொல்லிட்டுப் போ.”

 டீச்சர் அவனையே பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, புரையேறி இருமினாள். அக்கா தலையில் தட்டினாள். இருமல் அடங்கியதும் சிரிப்பு போய்க் கோபம் வந்து உட்கார்ந்தது.

“உங்களுக்குத்தான்யா அந்தக் கோட்டு!” என்றாள். அத்தனை வருஷத்தில் அவனை அவள் ‘யா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “பனி ஊருக்கு ஒரு அளவு ரெண்டு அளவு பெரிசாத்தான் வாங்கணும். உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட வேண்டாமா? சட்டை மேல கோட்டைப் போட்டுக்கிட்டு நிப்பாங்களா? எனக்கு அந்த அம்மா குடுத்தது ஏன் தொளதொளன்னு இருக்குன்னு நினைச்சீங்க? அவங்க குண்டுன்னா? அவங்க பனிக்கு வாங்கினாங்க, அதான்.”

  உலகத்துச் சாமானையெல்லாம் கண்ணாலேயே அளந்தவனுக்குக் குளிர் எவ்வளவு இடம் கேட்கும் என்று தெரியவில்லை. அதை அவன் ஒரு நாளும் கட்டியதில்லை.

“வேண்டாம்னு சொல்லிட்டேன்னியே?” என்றான் கடைசியில்.

“பொய் சொன்னேன். கோவத்துல சொன்னேன். யோசிக்க டைம் குடுங்கன்னுதான் எழுதியிருக்கேன். இன்னிக்கு விமானம் ஏறறதுக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னு சொன்னா உங்க முகத்துல ஒரு சந்தோஷமாவது தெரியும்னு பாத்தேன். சந்தோஷம் தெரிஞ்சா, சரி, இவருக்கு நான் இங்க இருக்கணும்னு இருக்குன்னு புரிஞ்சுக்குவேன். நீங்க சக்கரத்துக்கு எண்ணெய் போடப் போனீங்க. அன்னிலேருந்து மூணு வாரமா தினமும் பெட்டியைக் கட்டறீங்க, எடை பாக்கறீங்க, லிஸ்டு எழுதறீங்க. ஒரு மனுஷியை ஏத்தி அனுப்பறதுல இவ்வளவு அவசரமான்னு ஒவ்வொரு நாளும் எனக்கு அழுகையா வந்துது.”

“அவசரமா? எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அதான் கட்டினேன்.”

“கேக்க வேண்டியதுதானே?”

“நாங்க கேக்கறதில்ல,” என்றான் டேப்பு. சொன்னபிறகு அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறதென்று அவனுக்கே பட்டது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் இறங்கியது. “எனக்கு அந்த வேலை வேணும். இருபது வருஷமா அடுத்தவங்க போட்ட பாடத்தைத்தான் சொல்லிக் குடுக்கறேன். அங்க பாடமே நான் போடலாம். ரெண்டு பேர் இருக்கற மாதிரி வீடு குடுக்கறாங்க. உங்களைக் கூப்பிட்டா நீங்க ‘உன் இஷ்டம்’னு சொல்லுவீங்க, நகர மாட்டீங்க. வேண்டாம்னு எழுதவும் கை வரல, சரின்னு எழுதவும் கை வரல. அதான் கோட்டை எடுத்தேன். அங்க போய் வீட்டைப் பாத்து, பிடிச்சிருந்தா, ஆணியில மாட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாம்னு நினைச்சேன். அதைப் பாத்தாவது வருவீங்களோன்னு.”

 மணி மூன்றேகால்.

“அக்காவை விட்டுட்டு எப்படி…” என்று ஆரம்பித்தான் டேப்பு.

அக்கா தட்டை நங்கென்று வைத்தாள். “நான் என்ன பீரோவா? தூக்கிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதான்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்கு? அவர் போனதுக்கப்புறம் இங்க வந்து பன்னண்டு வருஷம் ஆச்சு. நீதான் என்னைப் பாத்துக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கே. யார் யாரைப் பாத்துக்கறாங்கன்னு உன் பெண்டாட்டியைக் கேளு. எனக்குப் பென்ஷன் வருது, ரெண்டு காலும் நல்லா இருக்கு, கீழ் வீட்டுக்காரி தினமும் வந்து கழுத்தறுக்கறா. என்னைச் சாக்கா வெச்சு நீ ஒளிஞ்சுக்காதே.”

“நான் ஒளியல.”

“பின்ன?”

அவன் கையில் டேப் சுருள் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியாது. நகத்தால் அதன் நுனியைத் தேடிக்கொண்டிருந்தான். தேடினால் கிடைக்காது அந்த நுனி, அவனுக்கே கிடைக்கவில்லை. சுருளைக் கீழே வைத்தான்.

“பயமா இருக்கு,” என்றான். “ஆயிரம் பேரைக் கட்டி அனுப்பியிருக்கேன். எந்த ஊர்ல என்ன உடையும், எந்தத் துறைமுகத்துல எத்தனை நாள் கிடக்கும், எல்லாம் தெரியும். ஒரு தடவைகூட நான் போனதில்ல. அங்க போய் நான் யாரு? பாஷை தெரியாது. நீ காலையில வேலைக்குப் போயிடுவே. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுவும் பயம். நீ மட்டும் போயிட்டா இங்க இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அது அதைவிடப் பயம். மூணு வாரமா எந்தப் பயம் பெரிசுன்னு தெரியாமதான் உன் பெட்டியை எடை போட்டுக்கிட்டிருந்தேன்.”

இவ்வளவு நீளமாக அவன் ஒரே மூச்சில் பேசி அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை. டீச்சர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அங்கயும் ஜனங்க வீடு மாத்துவாங்கல்ல?” என்றாள்.

“மாத்துவாங்க.”

“அங்கயும் கண்ணாடி உடையும்ல?”

“கண்ணாடி எங்கயும் உடையும்.”

“அப்புறம் என்ன? எனக்கும் பயம்தான். நாலு நாடு, ஒரு பெட்டி. ராத்திரி தூக்கம் வரதில்ல. நீங்களும் புரண்டுக்கிட்டே இருந்தீங்க. தெரியும்.”

அவன் எழுந்து அறைக்குப் போனான். மணி மூன்றரை. பெட்டியைத் திறந்தான். வெயிலை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான், மழையை அதன் பக்கத்தில் வைத்தான், பனியின் மூன்று பைகளையும் வரிசையாக வைத்தான். அடியிலிருந்து அந்த எண்ணில்லாத பையை உருவி வெளியே வைத்தான். மீதியையெல்லாம் மளமளவென்று அடுக்கிப் பூட்டி, கொக்கித் தராசில் தூக்கினான். இருபத்திரண்டு நானூறு, தைத்த பை இல்லாத இருநூறு கிராம் குறைவு.

டீச்சர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் தனியாகக் கிடந்த கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“சரி,” என்றாள். “புரிஞ்சுது.”

“என்ன புரிஞ்சுது?”

“எடுத்து வெளியில வெச்சுட்டீங்க. வேண்டாம்னு எழுதிடறேன்.” கைபேசியை எடுத்தாள். 

“என் கோட்டை நீ எதுக்கு மூணு நாடு சுமக்கணும்?” என்றான் டேப்பு. “வர்றப்ப நானே போட்டுக்கிட்டு வர்றேன். சரின்னு எழுது.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளையாடுகிறானா என்று பார்க்கிற பார்வை அது. அவன் விளையாடத் தெரிந்த ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கைபேசியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு அவன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இதை மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன, கொஞ்சமாவது வாயைத் திறந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று அழுகைக்கு நடுவே திட்டவும் செய்தாள். அவன் சரி சரி என்றான். அக்கா கூடத்திலிருந்து, “மணி மூணே முக்கால்!” என்று கத்தினாள்.

பதிலை டீச்சர் நின்றபடியே எழுதினாள். நாலு வரிகூட இல்லை. அனுப்பியதும் கைபேசியை அவனிடம் காட்டினாள். அவனுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது, இருந்தாலும் படித்த மாதிரி தலையாட்டினான்.

“ஒரு தடவை போட்டுக் காட்டுங்க,” என்றாள். “சரியா இல்லன்னா நீங்க கிளம்பறதுக்குள்ள மாத்தி வாங்கணும்.”

“இந்த வெயில்லயா?”

“போடுங்கன்னா போடுங்க. ஸ்வெட்டரோட போடுங்க.”

ஸ்வெட்டரெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. அக்கா தன்னுடைய பழைய சால்வையை எடுத்து வந்து அவன் உடம்பைச் சுற்றினாள். டீச்சர் அதன்மேல் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கை நீளமும் சரியாகிவிட்டது. டீச்சர் பட்டியை இழுத்து நேராக்கினாள். அவனுக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. கழற்றப் போனபோது கீழே டாக்சி ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

கழற்ற ஏது நேரம்? பெட்டியை அவன் தூக்கினான், கைப்பையை அவள் தூக்கினாள், அக்கா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் இறங்கினாள். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையிலிருந்த துணியை விட்டுவிட்டு டேப்புவையே பார்த்தாள். டாக்சிக்காரர் டிக்கியைத் திறந்து பெட்டியை வாங்கினார். கழுத்துவரை கறுப்புக் கோட்டும் நெற்றியில் வேர்வையுமாக நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

“யாரு சார் கிளம்பறது?” என்று கேட்டார்.

“இன்னிக்கு அவங்க மட்டும்,” என்றான் டேப்பு.